கணிப்பொறிக் காடும் பழவேற்காட்டுக் கரையும்

கணிப்பொறியைக் கொண்டு காட்டைச் சிருஷ்டிக்கும் கலை அரை நூற்றாண்டுக்குள் எய்தியுள்ள வளர்ச்சியை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அடர்வனங்களையே சான்றாகக் காட்டுவர். ஆயிரமாயிரம் மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்க, இலைகளின் இடையே கதிர் ஊடுருவித் தரையெங்கும் ஒளித்துளிகளாய்ச் சிந்தும் அக்காட்சிகள் நம்மை வியப்பில் ஆழ்த்துவது மெய்யே. ஆயினும் இக்கலை யதார்த்தத்தை எவ்வளவு தூரம் எட்டியுள்ளது என்று அறிய விழைவோர்க்கு அடர்வனம் தக்க பரீட்சைக் களம் ஆகாதென்பதும், மரம் அருகி, உப்புப் பூத்து, காற்றுக்கு ஒதுங்க இடமில்லாது கிடக்கும் கடற்கரையே கடுமையான பரீட்சை என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்புகும் கருத்து. அடர்ந்த காட்டில் ஒரு மரத்தின் பிழையை அடுத்த மரம் மறைத்துவிடும். எண்ணிக்கையே அங்கே அழகாகி, எண்ணிக்கையே குற்றத்துக்குத் திரையும் ஆகிவிடும். வெட்டவெளியில் தனித்து நிற்கும் ஒற்றைப் பனைக்கோ அத்தகைய திரை ஏதும் இல்லை; அது ஏன் அவ்விடத்தில் நிற்கிறது, ஏன் அவ்வளவே ஓலையோடு நிற்கிறது, அதன் நிழல் ஏன் அப்படி விழுகிறது என்னும் கேள்விகளுக்கெல்லாம் படத்தை ஆக்கியவன் விடை கூறியாக வேண்டும்.

இதற்குப் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டுக் கரையினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர்க் காயலாகிய பழவேற்காடு ஏரி, தென்கோடியில் ஆரணியாற்றின் நீரையும் வடபால் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் நீரையும் ஏற்று, ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்திட்டினால் வங்கக்கடலினின்று பிரிக்கப்பட்டு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் முதலிய மீனவர் ஊர்களைச் சுற்றிப் பனையும் சவுக்கும் வேலிகாத்தான் என்று ஊரார் வழங்கும் சீமைக் கருவேலமும், சேற்றோரங்களில் ஆங்காங்கே வெண்கண்டலும், உப்பளவெளியில் உமிரியும், மணல்மேட்டில் அடம்பும் இராவணன் மீசையும் காணப்படும். ஸ்ரீஹரிகோட்டாவில் மட்டும், 1969-இல் விண்வெளி ஏவுதளத்துக்கென அந்நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொதுமக்கள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டதனால், உலர் பசுமைமாறாக் காட்டின் ஒரு பகுதி இன்றளவும் பிழைத்திருக்கிறது. உலக்கைப் பாலையும் காயாவும் நாவலும் செறிந்த அக்காடு, எதிர்க்கரையின் வெறுமையோடு ஒப்பிட்டுக் காண்போர்க்கு, கோடரி எட்டாதிருந்தால் இக்கரை என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

தாவரத்தைக் கணிதத்தால் வளர்க்கும் முறைக்கு அடிகோலியவர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்னும் உயிரியல் அறிஞர். 1968-இல் அவர் வெளியிட்ட முறையின் உயிர்நாடி மிக எளியது. "அ" என்னும் எழுத்து ஒவ்வொரு படியிலும் "அஆ" என்றாகும். "ஆ" என்பது "அ" என்றாகும். எல்லா எழுத்துகளும் ஒரே கணத்தில் மாற வேண்டும். அ என்று தொடங்கினால் அடுத்து அஆ, அதற்கடுத்து அஆஅ, பின்பு அஆஅஅஆ என்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்ற நீளத்தில் தொடர் வளர்ந்து செல்லும். ஓர் இழைப்பாசியின் உயிரணுக்கள் பகுபடும் முறையைக் குறிக்கவே அவர் இதனை அமைத்தார். எல்லாம் ஒருங்கே மாறுதல் என்பதே இதன் விசேஷம். ஏனெனில் செடியின் ஒரு துளிர் வளரும்போது மற்றொரு துளிர் தன் முறை வருமென்று காத்து நிற்பதில்லை. எழுத்துகளுக்குப் பதிலாக 'முன்னே செல்க', 'திரும்புக', 'இங்கே கிளை விடுக' என்னும் கட்டளைகளை வைத்தால், தொடர் சித்திரமாகிவிடும். பிரெமிஸ்லாவ் புருசின்கீவிச் என்பார் இவ்வழியைப் பெருக்கி, 1990-இல் லிண்டன்மேயரோடு சேர்ந்து எழுதிய நூலில் பூண்டுகளையும் பூங்கொத்துகளையும் மரங்களையும் கணிப்பொறியில் முளைக்க வைத்துக் காட்டினார்.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டென்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும், அவர்களோடு கமலா கிருதிவாசனும், வாசலில் இடும் கோலத்தை ஒரு மொழியாகக் கொண்டு, அம்மொழிக்கு இலக்கணம் வகுக்க முற்பட்டனர். 1974-இல் இம்மூவரும் வெளியிட்ட கோல இலக்கணக் கட்டுரை, கணிப்பொறிச் சித்திரத்துக்கெனவே நடத்தப்பெற்ற சர்வதேச ஆய்விதழில் வந்தது. வார்த்தைகளின் வரிசைக்கு இலக்கணம் கண்ட கணிதத்தை, புள்ளிகளும் கோடுகளும் இருபரிமாணத்தில் விரியும் வடிவத்துக்கும் இலக்கணம் காணச் செய்ததில் அவர்களது தொண்டும் உண்டு. லிண்டன்மேயரின் முறையையும் சிரோன்மணி தம்பதியர் இருபரிமாண வடிவங்களுக்குப் பொருத்தினர். பிற்காலத்தில் புருசின்கீவிச் முதலியோர் தம் முறையின் ஆற்றலை விளக்கக் கிருஷ்ணன் கொலுசு என்னும் கோலத்தை எடுத்தாண்டதும் இத்தொடர்பினாலேயே. அரிசிமாவினால் வரையப்படுவதும் அழிந்துபோவதுமாகிய ஒரு பெண்கள் கலை, மரத்தை எழுதும் கணிதத்தோடு ஒரே குடும்பமாய் நிற்பதை நம் கலைக் கல்லூரிகளிலும் கிராபிக்ஸ் பயிற்சி நிலையங்களிலும் முதல் பாடமாகவே கற்பிக்கலாம் என்பது என் துணிபு.

எனினும் இலக்கணம் மட்டும் காடாகாது. கிளை விடுவதையே ஸ்வபாவமாகக் கொண்ட மரங்களுக்குத்தான் இம்முறைகள் முதலில் இணங்கி வந்தன. பிரியும் கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளைக் கூட்டினால் தாய்க்கிளையின் குறுக்குவெட்டுப் பரப்புக்குச் சமமாகும் என்று லியோனார்டோ டாவின்சி கண்ட விதியைப் பல மென்பொருள்கள் இன்றும் அடிப்படையாகக் கொள்கின்றன. பனைக்கு இவ்விதி செல்லாது. அது கிளைப்பதில்லை, உச்சியிலுள்ள ஒரே குருத்திலிருந்தே அதன் வாழ்வு முழுவதும் எழுகிறது, புன்னையும் வேம்பும்போல ஆண்டுதோறும் பருப்பதுமில்லை. ஆகவே, கிளைக்கணக்கில் வல்ல மென்பொருளிடம் பனையைக் கேட்டால், அது தூணின் நுனியில் விசிறிகளைச் செருகிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

பழவேற்காட்டுப் பனையின் தலையைச் சற்று நின்று பார்ப்போம். உச்சியில் விரியாத குருத்தோலை. அதனைச் சூழ்ந்து நிமிர்ந்து நிற்கும் இளவோலைகள். அவற்றின் கீழ்ப் பக்கவாட்டில் நீட்டிய முற்றிய ஓலைகள். இன்னும் கீழே மட்டை ஒடிந்து தண்டைத் தழுவித் தொங்கும் காவோலைகள். ஓலையின் மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலுமாய் இருப்பதனால், தூரத்திலிருந்து பார்க்கையில் ஓலை தட்டையான பச்சையாகத் தோன்றாமல் கோடு கோடாகத் தோன்றும். மட்டையின் இருபுறத்துக் கருக்கும் கறுத்துப் பளபளக்கும். ஆனால் ஊருக்கு அண்மையிலுள்ள பனைகளுக்கு இவ்வடுக்குகள் முழுமையாக இருப்பதில்லை. இவ்வூர்ப் பெண்கள் பலர் குருத்தோலையால் பெட்டியும் கூடையும் முடைபவர்கள்; வீட்டுக்கூரைக்கும் வேலிக்கும் முற்றிய ஓலை வேண்டும்; காவோலை அடுப்புக்குப் போய்விடும். எனவே ஊர்ப்பனையின் தலை சிறுத்து, ஓலை குறைந்து, தண்டு மொழுமொழுவென்று நிற்க, ஆள் எட்டாத திட்டுப் பனையோ காவோலைப் பாவாடை கட்டியதுபோல் நிற்கும். இவ்விரண்டையும் ஒரே அச்சில் வார்த்து நூறு இடங்களில் நட்ட படத்தில், மரம் எத்துணை நுணுக்கமாக வார்க்கப்பட்டிருப்பினும், உண்மை இல்லை.

மரத்தின் வடிவத்திலிருந்து மரக்கூட்டத்தின் வடிவத்துக்குக் கருத்தைத் திருப்பிய முயற்சிகளில் முக்கியமானது 1998-இல் ஆலிவர் டாய்சனும் புருசின்கீவிச்சும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. செடிகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு, வலியது தழைக்க மெலியது மடியும் நிகழ்ச்சியைக் கணிப்பொறியில் ஆண்டுக்கணக்காக நடத்தி, எஞ்சிய செடிகளின் இருப்பிடங்களையே படத்துக்குக் கொண்டனர். இதனைப் பெரிய திருப்பம் என்பேன். ஏனெனில் மரம் 'எங்கே' என்பதற்கு அதுவரை கலைஞனின் கைவாக்கும் தற்செயலுமே காரணமாயிருந்தன. இப்போது ஒரு நியாயம் கிடைத்தது. நம் முன்னோர் அகப்பொருள் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அதன்பின்னரே மரமும் புள்ளும் விலங்கும் கருப்பொருளாய் அமையும் என்றும் வரிசைப்படுத்தியது கவிதைக்கென வகுத்த மரபாயினும், காட்சியை ஆக்கும் கணிப்பொறிக் கலைஞன் கைக்கொள்ளத்தக்க வரிசையும் அதுவே.

ஆனால் இன்று புழக்கத்திலுள்ள மென்பொருள்கள் நிலம் என்பதனைப் பெரும்பாலும் உயரம், சரிவு என்னும் இரண்டினால் அளக்கின்றன. இன்ன உயரத்துக்கு மேல் ஊசியிலை மரம், இன்ன சரிவுக்கு மேல் வெறும்பாறை என்னும் விதிகள் ஆல்ப்ஸ் மலைக்குப் பொருந்தும். பழவேற்காட்டில் சரிவென்பதே இல்லை. ஏரியின் சராசரி ஆழமே ஏறத்தாழ ஒரு மீட்டர். சில அங்குல உயர வேறுபாட்டில் நிலத்தின் குணம் முற்றிலும் மாறிவிடும். எத்தனை நாள் நீர் நிற்கிறது, நீர் வடிந்தபின் எவ்வளவு உப்பு எஞ்சுகிறது என்னும் இரண்டுமே இங்கே செடியின் தலைவிதியை நிர்ணயிப்பவை. நீரும் உப்பும் மிக நிற்கும் குழிவில் ஒன்றும் முளையாது. அதன் விளிம்பில் உமிரி. சற்று மேட்டில் புல். இன்னும் மேட்டில் வேலிகாத்தான். உமிரியும் ஒரே நிறத்தில் இராது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிநீரின் உப்பு தணிந்திருக்கையில் பசுமையாயிருந்த அது, கோடையில் உப்பு ஏற ஏறச் செந்நிறம் கொள்ளும். ஆகையால், உயர வரைபடத்தை மட்டும் கொடுத்துக் காட்டை வாங்க நினைப்பவனுக்கு இக்கரை ஒன்றும் கொடாது. வெள்ளமும் உவர்ப்பும் மாதந்தோறும் மாறும் வரைபடங்களையும் அவன் கொணர வேண்டும்.

தற்செயலைப் பற்றியும் ஒரு சொல். மரங்கள் வரிசையாய் நின்றால் செயற்கையெனத் தோன்றும் என்று அஞ்சி, அவற்றைக் கலைத்து நடுவதிலேயே கணிப்பொறிக் கலைஞர் பெரும் பிரயத்தனம் செய்வர். சவுக்குத் தோப்பில் அந்த அச்சம் பிழையாகிவிடும். விறகுக்கும் கம்புக்குமாக நட்ட சவுக்கு, கயிறு பிடித்தாற்போல் ஒரே வயதில், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் காப்பாக நடப்பட்டவையும் அத்தகையனவே. இங்கே ஒழுங்குதான் யதார்த்தம். கடலை நோக்கிய முதல் இரண்டொரு வரிசைகளில் மட்டும், உப்புத் திவலையால் துளிர் கருகி, மரங்கள் குட்டையாகி, உள்நோக்கிச் செல்லச் செல்ல உயர்ந்து, தோப்பின் தலை ஒரு சரிவாகத் தோன்றும். சவுக்குக்குப் பதிலாக மென்பொருள் நூலகத்தில் கிடைக்கும் பைன் மரத்தை வைப்போரும் உண்டு. சவுக்கின் ஊசி இலையன்று, கணுக்கணுவாய்க் கழன்றுவரும் பச்சைச் சிறுகிளை. அது காற்றில் பைன்போல் விறைத்து நில்லாமல் குழைந்து ஆடும்.

இனி ஒளி. ஒரு காட்சியில் எந்தப் புள்ளியிலிருந்தும் புறப்படும் ஒளி, அதன்மீது எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து விழும் ஒளியால் ஆவது என்பதனை 1986-இல் ஜேம்ஸ் கஜியா ஒரே சமன்பாட்டில் அடக்கினார். ரெண்டரிங் என்று தொழிலில் வழங்கும் படமாக்கும் கணக்கு முழுவதும் அதனை அண்ணளவாகத் தீர்க்கும் முயற்சியே. சமன்பாடு உலகுக்கெல்லாம் பொது. அதில் இடும் சூரியன் ஊருக்கு ஊர் வேறு. பழவேற்காடு வட அட்சரேகை பதின்மூன்றரைப் பாகையை ஒட்டியது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைமேல் நிற்க, பனையின் நிழல் அதன் காலடியிலேயே வட்டமாய் விழும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் சற்றே வடக்கே சாய, நிழல் தெற்கே விழும். மார்கழியில் தெற்கே ஐம்பத்துமூன்று பாகை உயரத்தில் நிற்கும். அஸ்தமனத்துக்குப்பின் அந்தி வெளிச்சம் இருபத்தைந்து நிமிஷம் நீடிப்பதே அரிது. லண்டனில் வேனிற்காலத்தில் அது முக்கால்மணி வரை நீளும். நீண்ட பொன்னந்தியையே மரபாகக் கொண்ட ஒளியமைப்பை அப்படியே எடுத்து இக்கரையில் பொருத்தினால், பனையும் சவுக்கும் எவ்வளவு சரியாயிருப்பினும், படம் வேற்றூராகிவிடும்.

நிழலின் விளிம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. சூரியன் புள்ளியன்று, தட்டு. ஆதலால் நிழலின் ஓரம் மங்கும், அம்மங்கலின் அகலம் இலைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் சற்றேறக்குறைய நூற்றெட்டில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் உயரத்திலுள்ள வேலிகாத்தான் சிற்றிலைக்கு மங்கல் மூன்று சென்டிமீட்டரை நெருங்கும். சிற்றிலையின் அகலமோ சில மில்லிமீட்டரே. ஆகவே அதன் நிழல் இலையுருவமாக விழுவதேயில்லை. ஒளி சற்றுக் குறைந்த பரப்பாகக் கரைந்துவிடும். பன்னிரண்டு மீட்டர் உயரத்துப் பனையோலைக்கு மங்கல் பதினொரு சென்டிமீட்டர். ஓலையோ ஒரு மீட்டர் விரிவுடையது. அதன் நிழல் விசிறியாகவே தரையிற் பதியும். ஒரே வெயிலில், ஒரே மணலில், அருகருகே இவ்விருவகை நிழல்கள் கிடக்கின்றன. சூரியனைப் புள்ளியாக வைத்துக் கணக்கிட்ட படத்தில் வேலிகாத்தானின் கீழ்க் கூரிய பொடிப்பொடி நிழல்கள் விழுந்து, மணல் புழுதி படிந்ததுபோல் ஆகிவிடும்.

வெண்கண்டலின் இலையைப் பறித்துப் பார்த்தால் மேற்புறம் வழுவழுத்த பச்சை, கீழ்ப்புறம் சாம்பல் கலந்த வெண்மை. உப்பை வெளியேற்றும் மரமாதலின், வறண்ட நாளில் இலைமேல் உப்புப் படிகங்கள் நாவுக்கும் கண்ணுக்கும் தெரியும். மென்பொருள் நூலகங்களிற் பல இலையின் இருபுறத்துக்கும் ஒரே படத்தை ஒட்டுகின்றன; காற்று வீசும்போது இம்மரம் பச்சையிலிருந்து வெள்ளிக்கும் வெள்ளியிலிருந்து பச்சைக்கும் மாறி மாறிப் புரளும் அழகு அங்கே பிறக்காது. மேலும் மரத்தின் கீழே நிற்பது மண்ணன்று, நீர். ஆழமற்ற அந்நீர் வானொளியை மேல்நோக்கித் திருப்பி இலையின் வெள்ளை வயிற்றில் எறிகிறது. மணல்திட்டில் நிற்பவனுக்குக் கடல் கிழக்கிலும் ஏரி மேற்கிலும் ஆகையால், மாலைச் சூரியன் ஏரிக்கு மேலே இறங்கும்போது, மரம் நேர்க்கதிரையும் நீரில் பட்டுத் திரும்பிய கதிரையும் ஒருசேரப் பெறுகிறது. நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வைத்த மரபு இதனை எண்ணியே வைத்தது என்று கூற நான் துணியேன். கிழக்குக் கடற்கரையில் அப்பொழுதின் ஒளி ஏனைப் பொழுதுகளினும் செழுமையானது என்பதில் ஐயமில்லை.

காற்றில் மிதக்கும் உப்பும் ஈரமும் இன்னொரு வேறுபாட்டை உண்டாக்குகின்றன. தூய காற்றின் மூலக்கூறுகள் சிவப்பொளியைக் காட்டிலும் நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிப்பதால் தொலைமலை நீலமாய்த் தோன்றும். உப்புத்துகளும் நீர்த்துகளும் அளவிற் பெரியவை; எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றாகவே, அதுவும் முன்னோக்கியே மிகுதியாகச் சிதறடிக்கும். ஆகவே எதிர்க்கரை மரங்கள் நீலமாகாமல் வெளிறிப்போகும். சூரியன் இருக்கும் திசையில் அவ்வெளிறல் கண்கூச மிகும்.

இத்துணை நுணுக்கம் திரைப்படம் காண்போர்க்கு வேண்டுவதில்லை, கண் எளிதில் ஏமாறும் என்று கூறுவோர் உண்டு. 2016-இல் வெளிவந்த 'தி ஜங்கிள் புக்' படத்தின் இந்தியக் காடு லாஸ் ஏஞ்சலஸ் அரங்கில் நடித்த சிறுவனைச் சுற்றிக் கணிப்பொறியில் எழுந்ததே. அப்பணியில் பெங்களூர்க் கலைஞருக்கும் பங்கிருந்தது. உலகம் அதனை ஏற்றுப் பரிசளித்தது. நானும் அதனை உயர்ந்த சாதனையாகவே மதிக்கிறேன். இந்திய வனங்களில் எடுத்த புகைப்படங்களின்மேல் அக்காடு கட்டப்பட்டது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். மேலும் கதைப்படத்தின் காட்டை எவரும் தம் வீடென்று உரிமை பாராட்டுவதில்லை. துறைமுகம், சாலை, தொழிற்பேட்டை முதலிய திட்டங்களுக்கெனக் கரையின் எதிர்காலத்தைக் கணிப்பொறியில் வரைந்து மக்கள்முன் வைக்கும் படங்களின் நிலை வேறு. அத்தகைய படத்தில் உமிரிவெளி வெற்றுத்தரையாகவும், கண்டல் பெயரற்ற புதராகவும், பனந்திட்டு புல்தரையில் நட்ட அலங்கார மரமாகவும் மாறிவிடுமானால், இழக்கப்போவது இன்னதென்று அறியாமலே ஒருவர் இசைவு தர நேரும். கடலிலிருந்து கரையைப் பார்த்து, பனங்கூட்டத்தையும் கலங்கரை விளக்கத்தையும் கொண்டு தாம் நிற்கும் இடத்தைக் கணிக்கும் மீனவரே அப்படத்தைச் சோதிக்கத் தகுதியுடையோர். இது எந்த ஊர்க் கரை, எந்த மாதம், எந்தப் பொழுது என்று அவர்கள் பார்த்த அளவில் சொல்லும்படி படம் அமைய வேண்டுமென்று அளவுகோல் வைப்பது மிகையாகாது.

இதற்கு வேண்டிய மூலதனம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கௌசன், லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி முதலியோர் தென்னிந்தியத் தாவரங்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைபடமாக்கினர். மழையும் மண்ணும் மனிதன் கையும் சேர்ந்து காட்டை எவ்வாறு புதராகவும் புதரை எவ்வாறு பொட்டலாகவும் மாற்றுகின்றன என்னும் படிமுறை அவ்வரைபடங்களில் உள்ளது. அது கணிப்பொறிக்கு நேரே ஊட்டத்தக்க விதிமுறையே. குறைவாயிருப்பது இலையளவிலான ஆவணம்: பனை, சவுக்கு, வேலிகாத்தான், வெண்கண்டல், உமிரி, அடம்பு, தாழை, புன்னை ஆகியவற்றின் இலையை இருபுறமும், மழைக்காலத்தும் கோடையிலும், நேரொளியிலும் எதிரொளியிலும் படம்பிடித்து, ஊடுருவும் ஒளியையும் திரும்பும் ஒளியையும் தனித்தனியே அளந்து, யாரும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்தல். பிளெண்டர் போன்ற கட்டற்ற மென்பொருள் 2002 முதலே எவர்க்கும் கிடைத்துவரும் இந்நாளில், தாவரவியல் துறையும் கணிப்பொறித் துறையும் அருகருகே உள்ள எந்தக் கல்லூரியும் இப்பணியை ஓராண்டுப் பருவச்சுழற்சிக்குள் தொடங்கிவிடலாம். உமிரி சிவக்கும் கோடையிலிருந்து தொடங்குவது உசிதம்.